கடிவாளமில்லாக் குதிரை

துப்பாக்கியின் வெடிபொறியைக் 'குதிரை' என்று வழங்குவது நம் மொழியில் பழைய வழக்கு. இப்போது விசை என்கிறோம். பழைய பெயரே பொருத்தமானது என்பது என் எண்ணம். குதிரைக்கு வேகம் மட்டும் இருந்தால் போதாது, கடிவாளமும் வேண்டும். கைத்துப்பாக்கியில் அந்தக் கடிவாளம் விசையின் கனமேயாகும். அதனை ஒரு குறை என்று கருதி, அரம் கொண்டு தேய்த்துத் தளர்த்துவதைச் சீர்திருத்தம்போலப் பேசும் வாதத்தை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை வழியாக ஜவ்வாது மலையடிவாரத்துச் சிங்காரப்பேட்டை வரை ரொக்கம் நிறையப் புழங்கும் பகுதி இது. ஓசூரில் ஆலைகள், இடைப்பட்ட ஊர்களில் கிரானைட் குவாரிகளும் மாங்கூழ்த் தொழிற்சாலைகளும், எல்லா ஊர்களிலும் நிலத்தரகும் வட்டித்தொழிலும் நகையடகும். கையில் பணம் சேர்ந்தவர்களுக்கு அச்சமும் சேர்ந்துகொள்வது இயல்பு. அந்த அச்சத்திலிருந்து பிறக்கும் வாதத்தை இப்பகுதியில் திருமண வீட்டுத் திண்ணைகளிலும் தேநீர்க் கடைகளிலும் அடிக்கடி கேட்கலாம். அது மூன்று கூறுகளாக வரும். ஒன்று, உரிமம் பெற்று இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி வைத்திருப்பதே விவேகம். இரண்டு, இந்தியத் துப்பாக்கிகளின் விசை இரும்புபோல் கனக்கிறது. ஆபத்து நேரத்தில் குறி தவறும். எனவே அதைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். மூன்று, அதற்கு வெளிநாட்டுக்கா போகவேண்டும்? நம் லேத் பட்டறைப் பையன்கள் அரைமணி நேரத்தில் செய்து கொடுத்துவிடுவார்கள்.

மூன்றும் தவறு. மூன்றாவது கூறு தவறு மட்டுமன்று, அநியாயமும்கூட. வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் விசை என்ன செய்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சுழல்துப்பாக்கியில், அதாவது ரிவால்வரில், விசையை முழுதாக இழுக்கும்போது விரல் மூன்று வேலைகளைச் செய்கிறது. தோட்டா உருளையை ஓர் அறை நகர்த்துகிறது. முதன்மைச் சுருள்வில்லின் எதிர்ப்பை மீறிச் சுத்தியலைப் பின்னுக்குத் தூக்குகிறது. இறுதியில் அதை விடுவிக்கிறது. இதற்கு ஏறத்தாழ ஐந்து கிலோ அளவிலான இழுவிசை தேவைப்படுகிறது. சுத்தியலைக் கட்டைவிரலால் முன்பே ஏற்றி வைத்துவிட்டால் மூன்றாவது வேலை மட்டுமே எஞ்சும். அப்போது அதில் பாதியோ அதற்கும் குறைவோ போதும். சுத்தியலைப் பிடித்து நிறுத்துவது சியர் எனப்படும் சிறு கொக்கி. அதன் விளிம்பு நகக்கண் அளவுகூட இராது. அந்த விளிம்பைத் தேய்த்தாலோ சுருள்வில்லைத் தளர்த்தினாலோ விசை இலகுவாகிறது. கூடவே இரண்டு விளைவுகள் வருகின்றன. சுருள்வில் தளர்ந்தால் சுத்தியலின் அடி வலுவிழந்து, வேண்டிய நேரத்தில் தோட்டா வெடிக்காமல் போகலாம். கொக்கி தேய்ந்தால், வேண்டாத நேரத்தில் ஒரு தட்டலிலோ அதிர்விலோ அது தானே நழுவலாம். வேண்டும்போது வெடிக்காததும் வேண்டாதபோது வெடிப்பதும் ஒரே அரத்தின் இரு பிள்ளைகள்.

'துப்பாக்கிச் சுடும் வீரர்களின் விசை பூப்போல் இலகுவாக இருக்கிறதே' என்பர். உண்மைதான். பத்து மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் விசையின் குறைந்தபட்சக் கனம் 500 கிராம்; 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் 1000 கிராம். ஆனால் அந்தக் குறைந்தபட்சத்தை எடைக்கற்களைத் தொங்கவிட்டுச் சோதிக்கிறார்கள். குழல் எப்போதும் இலக்கை நோக்கியே இருக்கிறது. கட்டளை வரும்வரை தோட்டா ஏற்றப்படுவதில்லை. பின்னால் யாரும் நெருக்கியடித்துக்கொண்டு பேருந்தில் ஏறுவதில்லை. போட்டிக்கூடத்தின் ஒழுங்கு விசைக்கு வெளியே நின்று காவல் காக்கிறது. அதனால் விசை இலகுவாக இருக்க முடிகிறது. இடுப்பில் செருகிய துப்பாக்கிக்கு அந்த வெளிக்காவல் ஏதுமில்லை. அங்கே காவல் முழுவதும் விசைக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

இனி, 'எந்தத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது?' என்ற கேள்வி. அமெரிக்க இதழ்களைப் படித்துவிட்டு இக்கேள்வியைக் கேட்பவர்கள், நம் நாட்டில் தேர்வு என்பதே மிகக் குறுகியது என்பதை மறந்துவிடுகிறார்கள். 9 மி.மீ. பிஸ்டல் தடைசெய்யப்பட்ட வகை. சாதாரணக் குடிமகனுக்கு அதற்கு உரிமம் கிட்டாது. எஞ்சுவது பெரும்பாலும் .32 வகை. அரசுத் தளவாடத் தொழிற்சாலைகளின் .32 ரிவால்வர் பழைய பிரிட்டிஷ் வெப்ளியின் வழித்தோன்றல். நடுவில் மடக்கி ஆறு தோட்டா இடுவது. 2014-இல் கான்பூரிலிருந்து 'நிர்பீக்' வந்தது. ஏறத்தாழ அரைக்கிலோ எடை, விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கும் மேல். டெல்லியில் வன்கொடுமைக்கு ஆளாகி இறந்த பெண்ணின் நினைவைப் பெயரில் தாங்கி, பெண்களின் பாதுகாப்புக்கு என்று அது விற்பனைக்கு வந்தது. மாதக்கூலி வாங்கி இரவுப் பணி முடித்து ஆலைப் பேருந்தில் திரும்பும் எந்தப் பெண்ணுக்கு அந்த விலை எட்டும்? 2023-இல் கான்பூரிலிருந்தே 'பிரபல்' வந்தது. உருளை பக்கவாட்டில் திறக்கும் வகை. இடையில் வெப்ளி நிறுவனத்தின் துப்பாக்கிகளும் உத்தரப்பிரதேசத்தில் உற்பத்தியாகத் தொடங்கின. பெயர்கள் பல. தோட்டாவோ ஒன்றுதான். அதன் வலு 9 மி.மீ. தோட்டாவின் வலுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஒரு லட்சம் செலவழித்து வாங்குவது பாதுகாப்பா, பாதுகாப்பின் பாவனையா என்பதை வாங்குபவர் நிதானமாக எண்ணிப் பார்க்கட்டும்.

ஆனால் கனமான விசையால் குறி தவறும் என்பதில் உண்மை உண்டு. அதை நான் மறைக்கப்போவதில்லை. நியூயார்க் காவல்துறை தன் காவலர்களின் துப்பாக்கிகளில் ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ இழுவிசையுள்ள விசையைப் பல ஆண்டுகள் வைத்திருந்தது. அதே வகைத் துப்பாக்கிகளில் ஆலையில் அமைக்கும் வழக்கமான கனம் இரண்டரைக் கிலோ. தவறுதலாகச் சுடுவதைக் குறைப்பதே நோக்கம். 2012 ஆகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன்னே, அப்போதுதான் ஒருவரைக் கொன்றுவிட்டு வந்தவனை இரு காவலர்கள் எதிர்கொண்டனர். சில அடித் தூரத்தில் பதினாறு தோட்டாக்கள் சுட்டனர். அவன் இறந்தான். கூடவே வழிப்போக்கர் ஒன்பது பேர் காயமுற்றனர். அத்தனை பேரும் காவலர்களின் தோட்டாக்களாலோ அவற்றின் சிதறல்களாலோ காயமுற்றவர்கள். கனத்த விசையே காரணம் என்று அன்று பலர் எழுதினார்கள்.

ஒப்புக்கொள்வோம். ஆனால் இந்நிகழ்ச்சி யாருக்குச் சாட்சி? பயிற்சிபெற்று, ஊதியம்பெற்று, ஆண்டுதோறும் தகுதித் தேர்வு எழுதும் இரு காவலர்களின் கையிலேயே இப்படி ஆனது என்றால், உரிமம் வாங்கிய நாளில் பத்துத் தோட்டா சுட்டுப் பார்த்துவிட்டு மறுபடி கூடத்துப் பக்கமே போகாத ஒரு வட்டிக்கடைக்காரர், ஓசூர் பேருந்து நிலையத்தின் மாலை நெரிசலில் என்ன செய்வார்? விசையைப் பாதியாக இலகுவாக்கினால் அவருடைய கை நடுக்கம் பாதியாகுமா? கனத்த விசைக்கு மருந்து பயிற்சி. பயிற்சிக்கு நேரமும் தோட்டாவும் வேண்டும். அவ்விரண்டையும் செலவிட மனமில்லாதவரே அரத்தைத் தேடுகிறார். கனத்த விசை திறமையைத் தராது என்பது மெய். ஆனால் திறமையற்றவனுடைய தவற்றை அது ஒரு கணம் தாமதிக்கச் செய்கிறது. அந்த ஒரு கணத்தில் குழந்தை ஒன்று குறுக்கே ஓடிக் கடந்துவிடலாம்.

இனி மூன்றாவது கூறு, பட்டறைப் பையன். ஓசூர் வட்டாரம் நுண்ணிய வேலைப்பாட்டுக்குப் பெயர் போனது. கைக்கடிகாரத்தின் சுருள்வில்லிலிருந்து சரக்குந்தின் எஞ்சின் வரை அறிந்த கைகள் இங்கே இருக்கின்றன. சிங்காரப்பேட்டையிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் ஐ.டி.ஐ. முடித்து வேலை தேடிச் செல்லும் இளைஞர்களின் கைகளும் அவற்றுள் அடங்கும். அந்தக் கைகளுக்கு ஒரு கொக்கியின் விளிம்பைத் தேய்ப்பது பெரிய காரியமன்று. ஆனால் 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் ஐந்தாம் பிரிவில், உரிமமின்றித் துப்பாக்கி செய்வதை மட்டும் தடுக்கவில்லை. விற்பது, மாற்றியமைப்பது, பழுதுபார்ப்பது, சோதித்துப் பார்ப்பது ஆகிய அனைத்தையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. 2019-இல் வந்த திருத்தம் இக்குற்றங்களுக்கான குறைந்தபட்சத் தண்டனையை மூன்றாண்டிலிருந்து ஏழாண்டாக உயர்த்தியது, அதிகபட்சம் ஆயுள்.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். 'தம்பி, இதைக் கொஞ்சம் இலகுவாக்கிக் கொடுப்பா' என்று ஒரு பெரிய மனிதர் கேட்கிறார். அவரிடம் உரிமம் இருக்கிறது, வழக்கறிஞர் இருக்கிறார், கட்சிக்காரர்களின் பழக்கம் இருக்கிறது. பையனிடம் அரம் இருக்கிறது. ஐந்நூறு ரூபாய் கூலிக்கு அவன் தலைமேல் ஏழாண்டுச் சிறை தொங்குகிறது. அது குற்றமென்றே அவனுக்குத் தெரிந்திராது. பம்பு மோட்டாரைப் பழுதுபார்ப்பதுபோல் இதையும் பார்த்திருப்பான். நாளை அந்தத் துப்பாக்கி தானாக வெடித்து யாரேனும் இறந்தால், 'பட்டறையில் கெடுத்துவிட்டான்' என்பதே உரிமையாளரின் முதல் வாக்குமூலமாக இருக்கும். நம் கைத்திறனைப் புகழ்வதுபோல் தொடங்கும் வாதம் கடைசியில் அந்தக் கையிலேயே விலங்கைப் பூட்டுகிறது. இதைத்தான் அநியாயம் என்றேன்.

தொழில்நுட்ப நோக்கிலும் இது அறியாமை. 2017-இல் சிக் சாவர் நிறுவனத்தின் பி-320 பிஸ்டல் சில கோணங்களில் கீழே விழும்போது தானே வெடிக்கக்கூடும் என்று தெரியவந்தது. விழும் அதிர்ச்சியில் விசையின் எடையே அதைப் பின்னுக்குத் தள்ளியது ஒரு காரணம். அந்நிறுவனம் எடை குறைந்த விசை உள்ளிட்ட மாற்று உறுப்புகளை விலையின்றிப் பொருத்தித் தர நேர்ந்தது. பொறியாளர் படையும் சோதனைக்கூடமும் வைத்திருக்கும் நிறுவனத்துக்கே இத்தகைய நுட்பம் தாமதமாகப் புலப்பட்டது என்றால், சிமெண்டுத் தரையில் ஒருமுறை தட்டிப் பார்த்து 'சரியாக இருக்கிறது' என்று சொல்வதை நம்பி இடுப்பில் செருகுவது என்ன துணிச்சல்?

இப்போது முதல் கூற்றுக்குத் திரும்புவோம். துப்பாக்கியை உடன் வைத்திருப்பதே விவேகம் என்பவர்கள் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2021 ஜனவரி 22 அன்று ஓசூர் பாகலூர் சாலையில் இருந்த முத்தூட் நிதி நிறுவனக் கிளைக்குள் முகமூடி அணிந்த கும்பல் ஒன்று துப்பாக்கிகளுடன் நுழைந்தது. ஊழியர்களை மிரட்டி ஏறத்தாழ இருபத்தைந்து கிலோ தங்க நகைகளை அள்ளிச் சென்றது. பட்டப்பகல் கொள்ளை. 'அங்கே ஒருவர் கையில் துப்பாக்கி இருந்திருந்தால்!' என்று அன்றைக்கு ஊரே பேசியது. சரி, இருந்திருந்தால்? ஒரு கையில் ஆறு தோட்டா, எதிரே பல துப்பாக்கிகள், நடுவே ஊழியர்களும் வாடிக்கையாளர்களும். முதலில் யார் விழுந்திருப்பார்?

உண்மையில் நடந்தது வேறு. நகைப் பையில் இருந்த ஜி.பி.எஸ். கருவி கும்பலின் வழியைக் காட்டிக்கொண்டே சென்றது. தமிழகக் காவல்துறையும் கர்நாடகம், தெலங்கானாக் காவல்துறைகளும் தொலைபேசியில் பேசிக்கொண்டன. மறுநாளே ஐதராபாத் அருகே கும்பல் பிடிபட்டது, நகைகள் மீண்டன, துப்பாக்கிகளும் கைப்பற்றப்பட்டன. கிளைக்குள் ஓர் உயிரும் போகவில்லை. இப்பகுதியின் பெருங்கொள்ளைகளுள் ஒன்றை முறியடித்தது ஒரு தீப்பெட்டி அளவுக் கருவியும் மூன்று மாநிலங்களின் ஒத்துழைப்பும். அதில் எந்தத் தனிமனிதரின் இடுப்புத் துப்பாக்கிக்கும் பங்கில்லை. மேலதிகமாகத் துப்பாக்கி வேண்டும் என்பதற்கு இந்நிகழ்ச்சியைச் சான்று காட்டுவது, மருந்தால் பிழைத்தவனைக் காட்டி மந்திரத்தைப் புகழ்வது போன்றது.

மறுபக்கத்தில், உடன் இருக்கும் துப்பாக்கி செய்வதென்ன? 2024 அக்டோபர் 1 விடியலில் மும்பையில் நடிகர் கோவிந்தா வெளியூர் புறப்படும் அவசரத்தில் தம் உரிமம்பெற்ற ரிவால்வரைக் கையாண்டபோது அது கீழே விழுந்து வெடித்தது. தோட்டா அவர் காலில் பாய்ந்தது. கொள்ளையன் இல்லை, பகைவன் இல்லை. ஏற்றிய தோட்டாவும் புவியீர்ப்பும் போதுமாயிருந்தன. அவர் பிழைத்தார். துப்பாக்கியைத் தினமும் எடுப்பதும் வைப்பதுமாக ஆயிரம் முறை கையாள வேண்டியிருக்கிறது. பகைவனைச் சந்திப்பது வாழ்நாளில் ஒருமுறையோ, ஒருபோதும் இல்லையோ. அந்த ஆயிரம் முறைக்காகத்தான் விசை கனமாக இருக்க வேண்டும். இலகுவாக்கு என்பவர் ஒருபோதும் வராத அந்த ஒருமுறைக்காக, நாள்தோறும் வரும் ஆயிரம் முறையைப் பணயம் வைக்கச் சொல்கிறார்.

வீட்டுக்குள் வரும் ஆபத்து இன்னும் நுட்பமானது. துப்பாக்கி கைக்கெட்டும் இடத்தில் இருப்பதன் விளைவைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் ஒரு கட்டுரை வந்தது. துப்பாக்கி கிட்டும் நிலையில் உள்ளவர்களுக்குத் தற்கொலைச் சாவின் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு, கொலைக்கு இரையாகும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்பது அதன் முடிவு. அது பெரும்பாலும் அமெரிக்கத் தரவு. நம் வீடுகள் வேறு என்று சொல்லலாம். நம் வீடுகளில் சினமும் கடனும் அவமானமும் இல்லையா? 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் இல்லத்தில் எம்.ஜி.ஆரின் கழுத்தில் தோட்டாவைப் பாய்ச்சியவர் முகந்தெரியாத கொள்ளையர் அல்லர். உடன் நடித்த எம்.ஆர்.ராதா. பேச வந்த இடம், பழகிய மனிதர், ஒரு கணத்துச் சினம், கைக்கெட்டும் துப்பாக்கி. தமிழகம் அதன்பின் கேட்ட எம்.ஜி.ஆரின் குரல் அந்த ஒரு கணத்தின் தழும்பு.

இலக்கிய அன்பர்கள் இவ்விடத்தில் வேறொரு வாதத்துடன் வருவார்கள். 'படைக்கலம் தமிழனின் மரபு. 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வெள்ளையன் நம்மை நிராயுதபாணிகளாக்கினான். வாஞ்சிநாதன் கையில் பிரவுனிங் இருந்ததே' என்பார்கள். லிட்டன் காலத்துச் சட்டம் இழிவானது, அதில் ஐயமில்லை. 1911 ஜூன் 17 மணியாச்சியில் நடந்ததை எவ்வாறு மதிப்பிட்டாலும், அது ஓர் அரசியல் செயல். அதற்குரிய விலையை வாஞ்சி அங்கேயே, அதே துப்பாக்கியால், தன் உயிராகக் கொடுத்தான். தன் வசூல் பணத்தைக் காக்க ரிவால்வர் வாங்குபவர் அந்த நிழலில் ஒதுங்குவது நியாயமன்று.

மரபைப் பற்றிப் பேசுவதானால் அதிகத் தொலைவு போகவேண்டியதில்லை. சிங்காரப்பேட்டையிலிருந்து கிழக்கே திருவண்ணாமலை செல்லும் சாலையிலேயே செங்கம் இருக்கிறது. அப்பகுதியின் நடுகற்களை இரா.நாகசாமி பதிப்பித்துத் தமிழகத் தொல்லியல் துறை 1972-இல் நூலாக வெளியிட்டது. பல்லவர் காலத்துக் கற்கள் பல. ஆநிரை மீட்கப் போரிட்டு விழுந்த வீரர்கள் கையில் வில்லும் குறுவாளும் ஏந்தி அவற்றில் நிற்கிறார்கள். ஊர் அவர்களுக்குக் கல் நட்டது படைக்கலம் வைத்திருந்தமைக்காக அன்று. ஊரின் பொதுச் செல்வத்துக்காக உயிர் கொடுத்தமைக்காக. எடுத்தனூர்க் கல்லில் ஒரு நாய் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். தன் தலைவன் வீழ்ந்த பூசலில் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதாகக் கல்வெட்டு அதைப் பெயர்சொல்லிப் போற்றுகிறது. காவலுக்கு நின்ற நாய்க்குக் கல் எடுத்த மரபு இது. தன் பணப்பைக்காகப் பிறர் நெரிசலில் சுடத் துணிபவனுக்கு அந்த மரபில் இடமேது?

இதே மலையடிவாரத்து உழவரையும் மறந்துவிடக் கூடாது. வாய்வழியே கரிமருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்குப் பயிர்க் காப்புக்காக உரிமம் வழங்கச் சட்டமே தனியாக இடம் வைத்திருக்கிறது. அந்த உழவனிடம் உரிமமில்லாத துப்பாக்கி இருந்தால் செய்தித்தாளில் படத்துடன் வருகிறது. அவனுடைய தேவையேனும் கண்ணுக்குத் தெரிவது. ஓர் இரவில் பன்றிகள் அழித்துவிட்டுப் போன நிலக்கடலை வயலைப் போய்ப் பார்க்கலாம். நகரத்துப் பணக்காரரின் தேவையோ பெரும்பாலும் அந்தஸ்து. சட்டை நுனி காற்றில் விலகும்போது பிறர் பார்க்க வேண்டும் என்பதே அதன் உள்நோக்கம். 2016-ஆம் ஆண்டின் படைக்கல விதிகள் கைத்துப்பாக்கியைப் பொது இடத்தில் உறைக்குள் முழுதும் மறைத்தே எடுத்துச் செல்ல வேண்டும் என்கின்றன. யார் கண்ணிலும் படாமல்தான் வைத்திருக்க வேண்டும் என்று கண்டிப்பாக நடைமுறைப்படுத்திப் பாருங்கள். விண்ணப்பங்களில் பாதி தாமே திரும்பப் பெறப்படும் என்பது என் துணிபு.

நான் சொல்வது இவ்வளவே. உயிருக்கு மெய்யான அச்சுறுத்தல் உள்ளவர் உரிமம் கேட்கட்டும். ஆராய்ந்து கொடுப்பது மாவட்ட ஆட்சியரின் கடமை. கிடைத்தவர், விதி சொல்லும் பாதுகாப்புப் பயிற்சியைச் சடங்காக முடித்துக்கொள்ளாமல் மெய்யாகவே கற்கட்டும். விசை கனமாகத் தோன்றினால் விரலைப் பயிற்றட்டும். பழுதென்று ஐயம் எழுந்தால் உரிமம்பெற்ற படைக்கல வணிகரிடம் கொடுக்கட்டும். பணத்துக்கு அஞ்சுபவர் ரொக்கத்தைக் குறைத்து வங்கி வழியாக அனுப்பட்டும். நகைப்பெட்டியில் ஒரு ஜி.பி.எஸ். கருவியை வைக்கட்டும், ஓசூரில் அது போதுமாயிருந்தது.

பட்டறைத் தம்பிகளுக்கு ஒரு சொல். யார் கொண்டுவந்தாலும், எவ்வளவு நெருங்கிய உறவானாலும், எவ்வளவு கூலி தருவதாகச் சொன்னாலும், அந்தப் பொருளைத் தொடாதீர்கள். 'எங்களுக்கு இதற்கு உரிமமில்லை, அண்ணே' என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள். அதையும் மீறி வற்புறுத்துபவர், உங்கள் ஏழாண்டுகளை ஐந்நூறு ரூபாய்க்குக் கேட்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.